வாக்குச்சீட்டில் இரண்டாவது பெயர்

2021 பெப்ரவரியில் தபால் வாக்குச்சீட்டு வந்தபோது அதைச் சமையலறை மேசையில் விரித்து என் கணவரின் பெயரைத் தேடினேன். மூன்றாவது கட்டத்தில் இருந்தது. யோசப் மரியதாஸ், பலசரக்கு வியாபாரி. அதற்குக் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், இன்னொரு பெயர் இருந்தது. ஹைக்கே ஆபெர்ல, ஆசிரியை.

எங்கள் மாநிலத்தின் பாராளுமன்றத் தேர்தலுக்கு அப்போது அப்படித்தான் அச்சிடுவார்கள். வேட்பாளருக்குக் கீழே அவருடைய மாற்று வேட்பாளர். ஜேர்மனில் 'எர்சாட்ஸ்' என்பார்கள். காரின் பின்பெட்டிக்குள் கிடக்கும் உதிரிச் சில்லுக்கும் அதே சொல்தான். வென்றவர் இடையில் விலகினாலோ இறந்துபோனாலோ மறுதேர்தல் கிடையாது. கீழே பெயர் உள்ளவர் போய் அந்தக் கதிரையில் அமர்வார். சட்டம் எனக்கு விளங்கியது. ஆனால் ஓர் ஆணின் பெயரையும் அதன் கீழ் ஒரு பெண்ணின் பெயரையும் அச்சடித்து வருகிற தாளை நான் அதுவரை கலியாணக் காட் என்றுதான் அறிந்திருந்தேன்.

அடுத்த நாள் செல்வராசா அண்ணை கடைக்கு வந்தார். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அரைக் கிலோ வெண்டிக்காய் வாங்க அரை மணித்தியாலம் எடுப்பவர்.

"தங்கச்சி, பேரை மாத்திப்போட்டியளோ?"

"எந்தப் பேர் அண்ணை?"

"உங்கட பேர்தான். சீட்டில யோசப்புக்குக் கீழ ஹைக்கே எண்டெல்லோ கிடக்கு. நான் அது கொறற்றி எண்டு நினைச்சுத்தானே புள்ளடி போட்டனான்!"

மீன் பெட்டிப் பக்கம் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "புள்ளடி நேரா விழுந்ததோ, அதைச் சொல்லுங்கோ" என்றேன். பிறகு அவருடைய வெண்டிக்காயோடு முற்றல் இரண்டைச் சேர்த்து நிறுத்தேன்.

யோசப்பிடம் நான் எதுவும் கேட்கவில்லை. ஏன் என் பெயர் அங்கே இல்லை என்று கேட்டால், அது அங்கே இருக்க வேண்டும் என்று நான் நினைத்தது வெளியே வந்துவிடும். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடமாகியும், அவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குகிறவளாக நான் இருந்ததில்லை. அவராகத் தந்தால் வாங்குவேன். தரவில்லையென்றால் முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போவேன்.

அவர் பாசையூரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, பேர்லினைக் கடந்து, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் எங்கள் சிறு நகரத்துக்கு வந்து சேர்ந்தார். நான் பத்து வருடம் கழித்து மன்னாரிலிருந்து அவரைக் கட்ட வந்தேன். 2003இல் கடை திறந்தோம். கடையை அவர் பெயரில் பதிந்தோம். அதில் எனக்கு அன்றைக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நான் உயர்தரம் கலைப்பிரிவில் படித்தவள். மாலை வகுப்புக்குப் போய் ஜேர்மன் படித்தேன். நகரத்துப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிப்பேன். சனங்கள் அரிசி வாங்க வரும்போது தங்களுக்கு வந்த கடிதங்களையும் கொண்டுவருவார்கள். பள்ளிக்கூடத்துக் கடிதம், வெளிநாட்டவர் அலுவலகத்துக் கடிதம், மருத்துவக் காப்புறுதிக் கடிதம். காசுப் பெட்டிக்கு மேலே வைத்து வாசித்து, என்ன சொல்கிறார்கள் என்று சொல்வேன். பதிலும் எழுதிக் கொடுப்பேன். யோசப்புக்குக் கடிதம் எழுத வராது. ஆனால் அவருக்கு வாய் இருந்தது. கடைக்கு வருகிற ஒரு துருக்கிக்காரியின் மகனுக்கு எந்த முழங்காலில் சத்திரசிகிச்சை என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சத்திரசிகிச்சைக்கான விண்ணப்பத்தை எழுதியது நான் என்பது ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

2013இல் நகரசபை எங்கள் கடைக்கு முன்னால் இருந்த பஸ் தரிப்பிடத்தை எடுக்கப் பார்த்தது. அதற்கெதிராக மனு எழுதியது நான். கடையில் வைத்துக் கையெழுத்து வாங்கியது யோசப். ஆயிரத்து நானூறு பேர் வைத்தார்கள். சபையில் மூன்று நிமிடம் பேச விட்டார்கள். அந்த மூன்று நிமிடத்தையும் நான்தான் எழுதினேன். குளிரறைக் கதவுக்கு முன்னால் நின்று நாலு நாள் பாடமாக்கினார். தரிப்பிடம் தப்பியது. பேப்பரில் அவருடைய படம் வந்தது, பஸ்ஸுக்குப் பக்கத்தில். படத்தின் ஓரத்தில் என் முழங்கை இருந்தது.

அடுத்த வருடம் ஒரு கட்சி அவரை நகரசபைப் பட்டியலில் பத்தொன்பதாவதாகப் போட்டது. சும்மா இடம் நிரப்ப. இங்கே உள்ளூர்த் தேர்தலில் பிடித்த ஒருவருக்கு மூன்று வாக்கு வரை போடலாம். கறிவேப்பிலை வாங்கியவர்கள், இஞ்சி வாங்கியவர்கள், ஒன்றும் வாங்காமல் கதைத்துவிட்டுப் போனவர்கள் எல்லாரும் மூன்று மூன்றாகப் போட்டார்கள். பத்தொன்பதிலிருந்து மூன்றாம் இடத்துக்கு வந்தார். ஹைக்கே நான்காவது. சபையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை.

அவள் தொழிற்பாடசாலை ஆசிரியை. மெலிந்தவள், தலைக்கவசத்தைக் கழற்றாமலே பேசுகிறவள், சைக்கிளில் வருகிறவள். யோசப்பை 'செப்' என்று கூப்பிட்டாள். இந்தப் பக்கத்தில் யோசப் என்ற பெயருள்ளவர்களை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்களாம். பத்தே மாதத்தில் நகரம் முழுக்க அவர் செப் ஆகிவிட்டார். நான் வீட்டில் அவரை 'இஞ்சேருங்கோ' என்றுதான் கூப்பிடுவேன். எனக்கென்று அவருக்கு வைத்த பெயர் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

பிறகு அவருடைய பேச்சுகளையும் அவள் எழுதத் தொடங்கினாள்.

"நான் எழுதித் தந்தது காணாதோ?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"உனக்குக் கடையும் கிடக்கு, கொறற்றி. அவ இதுக்கெண்டே இருக்கிறா."

"எதுக்கெண்டே?"

அவர் சிரித்தார். "உன்னோட கதைக்க ஏலாது. வாயைப் பார்."

இருவருக்கும் இடையில் வேறு எதுவும் இருக்கவில்லை. இதை நான் அவரைக் காப்பாற்றுவதற்காக எழுதவில்லை. எனக்குத் தெரியும். இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். சனம் என் பக்கம் நின்றிருக்கும், மகள் டொறத்தி டார்ம்ஸ்டாட்டிலிருந்து அழுதுகொண்டு வந்திருப்பாள். ஒரு பெண் உன் புருஷனுக்கு நல்ல வசனம் எழுதிக் கொடுக்கிறாள் என்று யாரிடம் போய் முறையிடுவது?

மாநிலப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான பிறகு அவருடைய பேச்சுகளை நான் கைத்தொலைபேசியில் பார்ப்பேன், பருப்புப் பைகளுக்கு விலை ஒட்டிக்கொண்டே. ஒரு முறை 'டாசைன்ஸ்ஃபோர்சோர்க' என்று ஒரு சொல்லைச் சொன்னார். தண்ணீர், பஸ், ஆஸ்பத்திரி போன்றவற்றை அரசு சனங்களுக்கு உறுதிப்படுத்துவது. எனக்கு அந்தச் சொல் தெரியாது. அகராதியில் தேடினேன். அவர் அதை ஒரு தடக்கலும் இல்லாமல் சொன்னார், ஆட்கள் மேசையில் தட்டினார்கள். யாரோ அந்தச் சொல்லை அவருக்கு அசை பிரித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எத்தனை தரம் சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று யோசித்தபடி ஒரே பையில் இரண்டு விலை ஒட்டிவிட்டேன்.

2024 பெப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், குளியலறையில் விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. பதினொரு நாள் கண் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் போய்விட்டார்.

அடக்கப் பூசைக்குக் கோவில் நிறைந்து வாசலிலும் சனம். பாராளுமன்றத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது, இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். ஹைக்கே மூன்றாம் வாங்கில் இருந்து சத்தமாக அழுதாள். எங்களுடைய ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்ததுபோல் இருந்தது.

எங்களில் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை வீட்டில் எதையும் அசைக்கமாட்டோம். அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது, சவரக் கத்தி கிண்ணத்தில் கிடந்தது. ஆனால் இருபத்தாறாம் நாளே ஹைக்கே பாராளுமன்றத்தில் அவருடைய இடத்தில் இருந்தாள். சபைத் தலைவர் வரவேற்றதைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். அவள்மேல் பிழை இல்லை. கடிதம் வந்திருக்கிறது, ஓம் என்று எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். மேசையில் பெயர்ப்பலகைகூடப் புதிதாக இருந்தது. அவருடையதை எங்கே போட்டிருப்பார்கள் என்று யோசித்தேன்.

ஏப்ரலில் அவள் கடைக்கு ஒரு மட்டைப்பெட்டியோடு வந்தாள். பெட்டிக்குள் யோசப்பின் கொப்பிகள். ஏழு. கடையில் விற்கிற கோடு போட்ட கொப்பிகள்தான். தன்னிடம் வருகிறவர்கள் சொல்வதை அவர் அவற்றில் எழுதி வைத்திருந்தார், அவருடைய அலுவலகத்தில் இருந்தவை.

"எல்லாம் தமிழில் இருக்கிறது" என்றாள் ஹைக்கே ஜேர்மனில். "எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. பிறேமாவின் மனுவை இப்போது நான் பொறுப்பெடுத்திருக்கிறேன். நீங்கள் வாசித்துச் சொன்னால்..."

"ஏலாது" என்று தமிழில்தான் சொன்னேன். பிறகு ஜேர்மனிலும் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். பெட்டியை மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். அதை அவள் என்னைக் கேட்காமல் விட்டுப்போனதும் எனக்குக் கோபமாக இருந்தது.

பிறேமாவை எனக்கு நன்றாகத் தெரியும். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவள். அவளுடைய புருஷன் லக்ஸனுக்கு வதிவிட அனுமதி மறுத்துவிட்டார்கள். நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. யோசப் அவர்களுக்காகப் பாராளுமன்றத்தின் மனுக்குழுவில் மனுப் போட்டிருந்தார். ஜூன் பன்னிரண்டாம் திகதி குழு கூடுகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததைப் பிறேமா அடுத்த நாள் வந்து சொன்னாள்.

"அக்கா, அண்ணை விழுறதுக்கு முதல்நாள் எனக்கு ஃபோன் எடுத்தவர். வெளிநாட்டவர் அலுவலகத்தில ஒரு அம்மாவோட கதைச்சனான், மூண்டு பேப்பர் குடுத்தால் தாங்கள் மறுக்கமாட்டினமாம், எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன், சனிக்கிழமை கடைக்கு வா சொல்லுறன் எண்டவர். என்ன பேப்பர், ஆர் அந்த அம்மா, ஒண்டும் எனக்குத் தெரியாது. இப்ப போய்க் கேட்டால், அப்பிடி ஒண்டும் ஃபைலில இல்லை எண்டுகினம்."

"நீர் ஹைக்கேயிட்டக் கேட்டனீரோ?"

"அவ உங்களிட்டக் கேக்கச் சொன்னவ."

"அவவுக்கு நல்ல வசதி."

பிறேமா என்னைப் பார்த்தாள். "அக்கா, கோபமெண்டால் என்னோட கோவியுங்கோ. லக்ஸனை அனுப்பிப்போடுவாங்கள்."

நானே வாசித்துப் பிறேமாவிடம் நேரே சொல்லியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அந்த அலுவலகத்தில் பேசவும் குழுவில் சொல்லவும் கதிரை இருந்தது ஹைக்கேக்குத்தான். நான் வாசிப்பது எதுவானாலும் அவளுடைய வாயால்தான் போக வேண்டும். அதற்குத்தான் எனக்கு மனம் வரவில்லை. டொறத்தியிடம் ஃபோனில் சொன்னேன்.

"அம்மா, ஒரு மனுசன்ர வாழ்க்கை இது. நீங்கள் அந்தப் பொம்பிளையோட இன்னும் சண்டை பிடிக்கிறியளோ?"

"நான் ஆரோடயும் சண்டை பிடிக்கேல்லை."

"அதுதான் பிரச்சினை. பிடிச்சிருந்தால் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

ஹைக்கேக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடைக்கு வாருங்கள். கொப்பிகள் கடையை விட்டு வெளியே போகாது.

வந்தாள். நான் கதிரை எடுத்து வைக்கவில்லை. அவள் அதைக் கவனிக்காமல் இருபது கிலோ அரிசி மூட்டைமேல் போய் இருந்தாள், தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு. யோசப்பும் அங்கேதான் இருப்பார். அவளுக்கு அது தெரிந்திருந்ததா, எனக்குத் தெரியாது.

யோசப் ஒழுங்காக எழுதுகிறவர் அல்ல. கைக்கு எந்தக் கொப்பி வருகிறதோ, அதில் எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறதோ அதில் எழுதியிருந்தார். 2023இல் எழுதியதற்கு அடுத்த பக்கத்தில் 2019 கிடந்தது. ஆகவே எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்து ஜேர்மனில் சொன்னேன். யாருக்கோ காது கேட்கும் கருவி. யாருடையதோ மாடியில் பூஞ்சணம். அவள் எழுதிக்கொண்டாள். இரண்டு சனிக்கிழமை போயிற்று. மூன்றாம் சனிக்கிழமை ஐந்தாவது கொப்பியில் இந்த வரிகள் வந்தன. திகதி 2020 ஒக்ரோபர்.

'கொறற்றியைக் கேட்டேன். நிற்க ஏலாதாம். யாரையாவது நிப்பாட்டச் சொன்னாள். ஹைக்கேயைக் கேட்க வேணும்.'

எனக்கு அந்த நாள் உடனே வந்தது. கொரோனாக் காலம். காசுப் பெட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் கண்ணாடி, எல்லார் வாயிலும் முகக்கவசம். சனம் அரிசியை மூட்டை மூட்டையாக வாங்கிப் பதுக்கிய நேரம். வாசலுக்கு வெளியே வரிசை. யோசப் ஒரு தாளோடு வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"கொறற்றி, எனக்குப் பதிலா நீ நிப்பியோ?"

கடையில் நிற்பது என்றால் எங்களுக்குக் கடையில் வேலை செய்வது. நான் காலை ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். இரண்டு காலிலும் நரம்பு புடைத்திருந்தது. இவர் பின்னேரம் தன்னுடைய முறைக்கும் என்னை நிற்கச் சொல்கிறார், கூட்டத்துக்குப் போகப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏலாது. நிண்டு நிண்டு கால் விறைச்சுப் போச்சு. ஆரையாவது பிடிச்சு நிப்பாட்டுங்கோ."

"யோசிச்சுச் சொல்லன்."

"இதில யோசிக்க என்ன கிடக்கு?"

தாளை மடித்தார். மறுநாள் காலையில், ஆள் பிடித்தீர்களா என்று கேட்டேன். பிடிச்சிட்டன் என்றார். எங்கே, காணவில்லையே என்றேன். வருவா என்றார். ஒருவரும் வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க நான் தனியே நின்றேன், அவரைத் திட்டிக்கொண்டு.

தேர்தலில் நிற்பதற்கும் எங்கள் மொழியில் அதே சொல்தான். அந்தத் தாள் மாற்று வேட்பாளருக்கான படிவம். வாக்குச்சீட்டில் தன் பெயருக்குக் கீழே போட அவர் முதலில் கேட்டது என் பெயரை. நான் அதைக் கடை முறை என்று நினைத்து வேண்டாம் என்றேன். நான் விருப்பமில்லாமல் மறுத்துவிட்டேன் என்று அவர் நினைத்தார். ஒரு தரம் நான் கேட்டிருந்தால் போதும். ஒரு தரம் அவர் கேட்டிருந்தாலும் போதும். மூன்று வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

"வாஸ் ஷ்டேட் டா?" என்று ஹைக்கே கேட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று அர்த்தம். ஜேர்மனில் எழுத்தும் நிற்கும். தாளில் என்ன நிற்கிறது என்றுதான் கேட்பார்கள். ஆனால் அவர்களுடைய மொழியில் தேர்தலில் ஒருவர் நிற்பதில்லை. அதற்கு வேறு சொல். எப்படிச் சொன்னாலும் இந்தப் பிழை அவளுக்கு விளங்காது.

"ஒன்றுமில்லை" என்றேன். "கடை விஷயம்."

"என் பெயர்போல இருக்கிறதே?" அவள் எட்டிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள் எதைக் கண்டாளோ. ஒருவேளை நான் வாசிக்கும்போது வாய்க்குள் சொல்லியிருக்கலாம்.

"உங்களைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்."

"என்ன கேட்க?"

"எழுதவில்லை."

பக்கத்தைத் திருப்பினேன்.

பிறேமாவின் விஷயம் ஏழாவது கொப்பியில், பின் அட்டையில் இருந்தது. அலுவலகத்து அம்மாவின் பெயர், பேசிய திகதி, நேரம், மூன்று தாள்கள் எவை என்பது. ஒவ்வொரு சொல்லாக, இரண்டு தரம் ஜேர்மனில் சொன்னேன். ஒரு பிழையும் விடவில்லை. ஹைக்கே திங்கட்கிழமை அந்த அம்மாவைத் தொலைபேசியில் பிடித்தாள். அவருக்கு ஞாபகம் இருந்தது. லக்ஸனுக்கு ஜூலையில் அனுமதி கிடைத்தது. பேப்பரில் பிறேமாவும் லக்ஸனும் ஹைக்கேயும் நிற்கிற படம் வந்தது. பிறேமா கேக் செய்து முதலில் ஹைக்கேயின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். எனக்கு மீதிப் பாதி வந்தது. நல்ல கேக்.

கோடை முடியும்போது ஹைக்கே மறுபடி வந்தாள். நகர அருங்காட்சியகத்தில் இந்த நகரத்துக்கு வந்தவர்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். செப்பின் கொப்பிகளை அங்கே வைக்கலாமா என்று கேட்டாள். நான் ஆறு எடுத்துக் கொடுத்தேன்.

"ஏழு இருந்ததல்லவா?"

"இருந்தது."

அவள் ஆறையும் மறுபடி எண்ணினாள்.

"ஐந்தாவது கொப்பி தர ஏலாது" என்றேன்.

"அதில் அப்படி என்ன இருக்கிறது, கொறற்றி?" மெதுவாகத்தான் கேட்டாள். அவளுடைய கண் அதற்குள் கலங்கத் தொடங்கிவிட்டது. அவளுக்கு அது சுலபமாக வரும். சொன்னால் அங்கேயே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். உண்மையாகவே அழுதிருப்பாள். எனக்காகவும் அவருக்காகவும்.

கோவிலில் அவள் அழுதது போதும். இதை நான் தனியாக அழுதுகொள்கிறேன்.

"என்னுடைய பெயர் இருக்கிறது" என்றேன். ஆறு கொப்பிகளையும் பைக்குள் போட்டு, மேலே நாலு மாம்பழம் வைத்து, அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.